வரிசையில் ஒரு கல்

ஜூன் 24, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் தருகிற விஷயமானாலும் தராத விஷயமானாலும் ஒன்றையும் மறைக்கமாட்டேன். நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் பாதிக்கு மேல் தங்களுக்குச் சாதகமாக எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. நான் அப்படிச் செய்யப்போவதில்லை.

இன்று கணினி அறையில் ஹெப்சிபா டீச்சர் ஓர் அறிவிப்பு வாசித்தார். ஜூலை 13 அன்று விருதுநகரில் மாவட்ட அளவில் மாணவர்களுக்கான கணினிக் கண்காட்சி. தலைப்பு: மக்கள் ஏன் கணினி விளையாட்டை விரும்புகிறார்கள்? ஒரு விளையாட்டை நாமே உருவாக்கிக் காட்ட வேண்டும். பிறகு அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் பதில் சொல்ல வேண்டும். குழுவுக்கு இரண்டு பேர். தேர்வாகிற விளையாட்டை உருவாக்கியவர் மட்டும் சென்னையில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்குப் போகலாம்.

தலைமையாசிரியைக்கு இதில் விருப்பமில்லை. விளையாட்டை ஒழிக்கத்தான் பள்ளிக்கூடம், வளர்க்க இல்லை என்றாராம். ஆனாலும் மாலை ஐந்து மணி வரை கணினி அறையைப் பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டார்.

எனக்குத் துணையாக டீச்சர் முனீஸ்வரியைப் போட்டார். ஒன்பதாம் வகுப்பு அ பிரிவுக்கு நான்தான் லீடர். தாமதமாக வருகிறவர்கள் பெயரை எழுதும் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் அதில் அதிகமாக இருக்கும் பெயர் முனீஸ்வரியுடையது. இதை டீச்சரிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

படிவத்தை நான் நிரப்பினேன். உருவாக்கியவர்: த. சுபாஷிணி. உதவியவர்: மு. முனீஸ்வரி. முதல் வரியில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.

சென்னையில் கண்காட்சி கடலுக்குப் பக்கத்திலா நடக்கும் என்று முனீஸ்வரி கேட்டாள். அவள் சாத்தூரைத் தாண்டிப் போனதில்லையாம். அரங்கத்துக்குள் நடக்கும் என்று சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டேன். நீங்கள் ஏன் கணினியிலோ போனிலோ விளையாடுகிறீர்கள் என்று முப்பத்தோரு பேரிடம் கேட்டேன். இருபத்திரண்டு பேர் "சும்மாதான்" என்றார்கள். அப்பாவும் அதையே சொன்னார். அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனில் சீட்டு அடுக்குவார்.

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை, "எங்கண்ணன் போன் தரமாட்டேங்கிறான், அதனால வெளயாடணும்னு இருக்கு" என்றாள். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. "இதர காரணங்கள்" என்று ஒரு கட்டம் போட்டேன்.

அட்டவணையை முனீஸ்வரியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சும்மான்னு சொன்னவககிட்ட இன்னொரு தடவ கேக்கணும்" என்றாள். ஆராய்ச்சியில் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கக்கூடாது என்று விளக்கினேன்.

ஜூன் 27, வியாழன்

என் முதல் விளையாட்டு முடிந்தது. பெயர் "அறிவு ஆறு". ஆற்றில் கற்கள் இருக்கும். தனிமங்களின் குறியீட்டைச் சரியாகச் சொன்னால் அடுத்த கல்லுக்குத் தாவலாம். தவறாகச் சொன்னால் தண்ணீரில் விழுந்துவிடுவோம். வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிரல் எழுதும் முறையை டீச்சர் கற்றுக்கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல முனீஸ்வரி அடுக்கினாள். சில இடங்களில் நான் சொல்வதற்கு முன்பே அடுக்கிவிட்டாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரைக் கூட்டி வந்து விளையாடச் சொன்னோம். மூன்றாவது கல்லில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி, "டெஸ்ட் மாதிரி இருக்குக்கா" என்றாள். மற்றவர்களும் தண்ணீர் குடிக்கப் போகிறோம் என்று போனார்கள். ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன்: நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வந்தபோது முனீஸ்வரி வேறொரு படம் வரைந்து வைத்திருந்தாள். ஒரு தண்ணீர் லாரி. அதன் முன்னால் பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள். "எங்க தெருவுல இதத்தான் வெளயாடுறோம்" என்று சிரித்தாள். லாரி கிளம்புவதற்குள் யார் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம்.

நல்ல கருதான். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் போர் இருக்கிறது, மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கே தண்ணீர் ஏறிவிடும். அதனால் எனக்கு அது தோன்றவில்லை.

ஜூன் 28, வெள்ளி

முனீஸ்வரி தாமதம். 9.25. நோட்டில் எழுதினேன். அவள் பாவாடையின் ஓரம் நனைந்திருந்தது.

ஜூலை 1, திங்கள்

லாரி விளையாட்டு வளர்கிறது. விதிகளை நான் வகுத்தேன். மொத்தம் பத்துக் குடங்கள், அதில் ஒன்று நம்முடையது. அம்புக்குறி விசையைத் தட்டினால் நம் குடம் முன்னே போகும். வேகமாகத் தட்டினால் பக்கத்துக் குடத்தை இடித்துத் தள்ளலாம். யார் லாரிக் குழாயின் அருகில் முதலில் போகிறார்களோ அவர்களுக்குத் தண்ணீர். இடித்தால் குடம் எவ்வளவு தூரம் உருள வேண்டும் என்று அறிவியல் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன்.

"இடிச்சா பத்துப் புள்ளியா?" என்று முனீஸ்வரி கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, சரி என்று அடுக்க ஆரம்பித்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

முனீஸ்வரி தாமதம். 9.30.

மாலையில் குடங்களுக்கு நிழல் கொடுத்தோம். மிகவும் அழகாக இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அடை சுட்டாள். நான் மூன்று தின்றேன்.

ஜூலை 3, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நம்ப முடியாது என்பதால் பெரியவர்களை விளையாட வைத்துப் பார்ப்போம் என்று டீச்சர் சொன்னார். மதியச் சாப்பாடு முடிந்ததும் சத்துணவுக் கூடத்துச் சமையலர் ராமலட்சுமி அக்காவும், உதவியாளர் கோமதி அக்காவும் கை கழுவிவிட்டு வந்தார்கள். ராமலட்சுமி அக்கா இதுவரை கணினியைத் தொட்டதில்லை. மௌஸைச் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பிடித்தார்.

லாரி வந்தது. மற்ற ஒன்பது குடங்களும் முண்டியடித்தன. ராமலட்சுமி அக்காவின் சிவப்புக் குடம் நின்ற இடத்திலேயே நின்றது. தட்டுங்கள், தட்டுங்கள் என்று நான் சொன்னேன். அவர் தட்டவில்லை. லாரி போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அப்படியே. கோமதி அக்கா விளையாடியபோது ஒரே ஒரு முறை தெரியாமல் ஒரு குடத்தை இடித்துவிட்டு, திரையைப் பார்த்து "அய்யோ, பாக்கலத்தா" என்றார்.

மூன்றாவது முறை தோற்றதும் ராமலட்சுமி அக்கா எழுந்துவிட்டார்.

"நான் ஒருத்தியத் தள்ளிட்டுத் தண்ணி பிடிக்கிறவ இல்ல தாயி. அது சரி, இதுல கல்லு எங்க?"

எந்தக் கல் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் முனீஸ்வரியைப் பார்த்தார். முனீஸ்வரி தரையைப் பார்த்தாள்.

அவர்கள் போனபின் முனீஸ்வரி சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலை இருப்பவர்கள் அதுவரை நிற்க முடியாது. ஆகவே விடிந்ததும் ஆளுக்கு ஒரு கல்லையோ உடைந்த வாளியையோ வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல் இருக்கிற இடம் அந்த வீட்டின் இடம். தெருவில் யாரும் அதை நகர்த்தமாட்டார்கள். எந்தக் கல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். சாவு நடந்த வீட்டுக்கு (துஷ்டி வீடு என்றாள்) முதல் இரண்டு குடம் கேட்காமலே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். இடித்துத் தள்ளினால் பத்துப் புள்ளி என்பதைக் கேட்டால் அவளுடைய தெருவில் சிரிப்பார்கள்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீ கேக்கல" என்றாள். "நீ விதின்னு எழுதிட்டு வந்து கையில குடுத்த."

ஜூலை 4, வியாழன்

காலை ஏழு மணிக்கு முனீஸ்வரியின் தெருவுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிடம்தான். இதற்கு முன் போனதில்லை.

வரிசையை நான் என் கண்ணால் பார்த்தேன். இருபத்தாறு இடங்கள். கருங்கல், செங்கல், கைப்பிடி இல்லாத வாளி, அடி போன குக்கர், ஒரு சிமெண்டுத் துண்டு. முனீஸ்வரி வீட்டுக் கல் நான்காவது. அதில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா மாரிக்கனி அக்கா தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலைக்கு ஆறரைக்கே போய்விடுவார். தண்ணீர் பிடிப்பது முனீஸ்வரியின் வேலை. அவள் யூனிபார்முடன், வாய்ப்பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது வாய்ப்பாட்டுப் புத்தகம் அல்ல, டீச்சர் கொடுத்த நிரல் எழுதும் கையேடு என்று பிறகு பார்த்தேன்.

லாரி 8.25க்கு வந்தது. வரிசையின் முன்னால் நிற்கவில்லை. தெருமுனையில் இருக்கிற ஒரு மாடி வீட்டின் முன்னால் நின்றது. லாரிக்காரருக்கு அந்த வீட்டில் சொந்தமாம். குழாயைத் தூக்கி மூன்று பெரிய டிரம்களில் விட்டார். வரிசையில் நின்ற பெண்கள் கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பிறகு லாரி இந்தப் பக்கம் திரும்பியபோது தண்ணீர் பாதிகூட இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் வரிசை உடைந்தது. கல் வைத்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். சுண்ணாம்புப் புள்ளி வைத்த கல் யாருடைய காலிலோ பட்டு ஓரத்துக்கு உருண்டது. பாதி நாள் இப்படித்தான் முடியும் என்று முனீஸ்வரி பிறகு சொன்னாள்.

முனீஸ்வரிக்குக் கடைசியில் இரண்டு குடம் கிடைத்தது. ஒன்றை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை நான் தூக்கினேன். எனக்கு இடுப்பில் வைக்கத் தெரியாததால் பாதி என் மேலேயே கொட்டிவிட்டது. பானையில் ஊற்றும்போது எவ்வளவு இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

ஓடினோம். பள்ளிக் கதவை 9.10க்கு மூடிவிடுவார்கள். நாங்கள் வந்தது 9.20.

தாமத நோட்டை எடுத்தேன். பழக்கத்தில் முதலில் அவள் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். பின்பு பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. முனீஸ்வரியின் பெயர் ஒருநாள் விட்டு ஒருநாள் இருக்கிறது, விடுமுறை நாட்கள் தவிர. என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மாலையில் அம்மாவிடம், நம் போரிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒரு குழாய் போட முடியுமா என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலைந்து பேர் வந்து கேட்டார்கள் என்றும், தொடர்ந்து ஓடினால் மோட்டார் கருகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் அம்மா சொன்னாள். பிறகு ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். மோட்டார் அரைமணி நேரம் ஓடியது.

ஜூலை 5, வெள்ளி

விதிகளைக் கிழித்துப் போட்டோம். நான் கேட்டேன், அவள் சொன்னாள். அவளே அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தேன்.

புதிய ஆட்டம் இப்படி. முதலில் கல் வைக்க வேண்டும். வைத்த கல்லை ஆட்டம் முடியும் வரை வேறு யாராலும் நகர்த்த முடியாது. லாரி எப்போது வரும் என்று தெரியாது, அதுவரை வீட்டு வேலை பார்க்கலாம், உலையில் அரிசி போடலாம், துணி காயப்போடலாம். ஹார்ன் கேட்டதும் ஓடி வந்து கல்லை எடுத்துவிட்டுக் குடத்தை வைக்க வேண்டும். லாரிக் குழாய் பாம்பு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அதன் கீழே குடத்தைப் பிடித்து, நிரம்பியதும் சரியான நேரத்தில் இழுக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் வழிந்துவிடும். துஷ்டி வீட்டுக் குடம் வந்தால் வழி விட வேண்டும், விட்டால் அடுத்த முறை குழாய் கொஞ்சம் மெதுவாக ஆடும்.

இந்தக் கடைசி விதி எதற்கு என்று கேட்டேன். அப்படித்தான் இருக்கணும் என்றாள்.

ஜூலை 6, சனி

சனிக்கிழமையானாலும் சிறப்பு வகுப்பு இருந்ததால் சத்துணவுக் கூடம் உண்டு. ராமலட்சுமி அக்காவைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். அரை மனதாகத்தான் உட்கார்ந்தார்.

முதல் முறை குடம் வழிந்தது. "பொறு" என்றார். இரண்டாம் முறை ஹார்ன் கேட்டும் அவர் துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தார், லாரி போய்விட்டது. மூன்றாம் முறை உலை பொங்கியது. கோமதி அக்கா பின்னாலிருந்து, "யக்கா, உங்க வீட்டு உலையும் இப்படித்தான் பொங்குது" என்றார். ஏழாம் முறை இரண்டு குடம் நிரம்பியது. ராமலட்சுமி அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கோமதி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ பெரிய கல்யாணத்துக்கு ஒற்றை ஆளாகச் சமைத்து முடித்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். சும்மாதான் என்றார். முனீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு தடவை கேட்டேன்.

ராமலட்சுமி அக்கா திரையில் வரிசையாக இருந்த கற்களை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: "இதுல வச்ச கல்லு வச்ச எடத்துல இருக்குல்ல, அதான். தோத்தாலும் நான்தான தோத்தேன். எவனும் வந்து தோக்கடிக்கலயே."

இதை நான் உடனே எழுதிக்கொண்டேன். முப்பத்தோரு பேரிடம் கேட்டு நான் போட்ட அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஜூலை 8, திங்கள்

அப்பாவிடமும் இரண்டாம் முறை கேட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ஆபீஸ்ல ஒரு வேலை முடிஞ்சா இன்னொரு கட்டு வந்து விழும். முடிஞ்சதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. இதுல சீட்டு எல்லாம் அடுக்கிட்டா படபடன்னு பட்டாசு வெடிக்குது பாரு" என்றார். பிறகு வெட்கப்பட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டார்.

பள்ளியில் ஒரு வேடிக்கை. லாரி விளையாட்டு ஆறாம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. மதிய இடைவேளையில் கணினி அறைக்கு வெளியே ஆள் யாரும் இல்லை, ஆனால் ஜியாமெட்ரி பாக்ஸ், டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு என்று இருபத்தேழு சாமான்கள் வரிசையாக இருந்தன. விளையாட இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். யாரும் யாருடையதையும் நகர்த்தவில்லை.

தலைமையாசிரியை அந்த வழியாக வந்தார். இது என்ன என்று கேட்டார். டீச்சர் விளக்கினார். தலைமையாசிரியை உள்ளே வந்து நின்றுகொண்டே ஒரு முறை ஆடினார், குடம் வழிந்தது. இரண்டாம் முறை உட்கார்ந்து ஆடினார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாம் முறையும் ஆடினார். முனீஸ்வரி என் கையைக் கிள்ளினாள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

தாமத நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டு "காரணம்" என்று எழுதினேன். இன்று முனீஸ்வரிக்கு நேராக "தண்ணீர் லாரி 8.40" என்று எழுதி வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

ஐந்து நிமிடப் பேச்சை எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். டீச்சர் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பேச்சில் "நான்" என்ற சொல் பதினான்கு இடத்தில் வருகிறதே என்றும் சொன்னார். பேசுகிறவள் நான் என்பதால் அப்படி வருகிறது.

முனீஸ்வரி மௌஸைப் பார்த்துக்கொள்வாள். சரி என்றுதான் சொன்னாள். படிவத்தில் ஏதாவது திருத்தம் இருந்தால் நாளைக்குள் சொல்லச் சொன்னார் டீச்சர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துச் சொன்னார்.

ஜூலை 10, புதன்

இன்று குறிப்பாக எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

யூனிபார்ம் தேய்த்தாகிவிட்டது. அம்மா என் பின்னலுக்குப் புது ரிப்பன் வாங்கியிருக்கிறாள். முனீஸ்வரிக்கும் ஒன்று வாங்கச் சொன்னேன். வாங்கினாள்.

பேச்சைப் பதினொரு முறை சொல்லிப் பார்த்தேன். எட்டாவது முறைக்குப் பின் நடுவில் ஒரு வாக்கியத்தில் நாக்கு தடுக்குகிறது. "நான் இந்த விதியை உருவாக்கியபோது" என்ற வாக்கியம்.

ஜூலை 13, சனி

விருதுநகரிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாலும் நானும் முனீஸ்வரியும் அதிகம் பேசவில்லை. எழுத நிறைய இருக்கிறது.

அரங்கில் முப்பத்தெட்டு விளையாட்டுகள். பாதிக்கு மேல் துப்பாக்கியும் காரும். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பையன்களின் பள்ளி ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு அந்தப் பையன்களே எங்கள் மேசையில் வந்து குடம் பிடித்தார்கள். ஒருவன் ஒன்பது முறை தோற்றான். அவன் டீச்சர் வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பதினொன்றரைக்கு நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். கண்ணாடி போட்ட ஒரு மேடம் மதுரையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவராம். நான் பேச்சை ஆரம்பித்தேன். முதல் நிமிடம் ஒரு தடங்கலும் இல்லை. அப்போது அந்த மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்லை யாரும் நகர்த்த முடியாதுன்னு ஏன் வச்சீங்க? நகர்த்த விட்டா சண்டை வரும், ஆட்டம் இன்னும் விறுவிறுப்பா இருக்குமே?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. "சமத்துவம் என்னும் உயரிய கருத்தை வலியுறுத்தும் பொருட்டு நான்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. மறந்துபோகவில்லை, அடுத்த வரி இப்போதுகூட நினைவிருக்கிறது. மேடம் காத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இப்படித் தண்ணீர் வரிசையில் நின்றிருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு நாள் என்றேன்.

"அவகிட்ட கேளுங்க மேடம்" என்றேன். "அந்த விதிய வச்சது அவதான்."

முனீஸ்வரி மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"நகத்துறதுதான் தெனமும் நடக்குதே மேடம். அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?"

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். மீதிக் கேள்விகளை எல்லாம் அவளிடமே கேட்டார்கள். வழக்கமாக வகுப்பில் எழுந்து நின்றாலே அவள் குரல் உள்ளே போய்விடும். இன்று பக்கத்து மேசைவரை கேட்டது. துஷ்டி வீட்டுக் குடத்துக்கு வழி விட்டால் குழாய் ஏன் மெதுவாக ஆடுகிறது என்று கேட்டபோது, "அன்னைக்கு எல்லாரும் கொஞ்சம் பொறுமையா இருப்பாக மேடம், தண்ணி கீழ சிந்தாது" என்றாள். எனக்கே அப்போதுதான் புரிந்தது. நான் மௌஸை வாங்கிக்கொண்டு ஆடிக் காட்டினேன். இரண்டு முறை குடத்தை வழிய விட்டேன்.

நாலரைக்கு முடிவு அறிவித்தார்கள். தேர்வானவை மூன்று. இரண்டாவதாக எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னார்கள். "உருவாக்கியவர், த. சுபாஷிணி" என்று ஒலிபெருக்கியில் வந்தது. நான் மேடைக்குப் போனேன். சான்றிதழை வாங்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. மேடையின் படிகளில் இறங்கும்போது மூன்றாவது வரிசையில் முனீஸ்வரியும் கைதட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அதன் பிறகு பிடிக்கவில்லை.

நேராக ஹெப்சிபா டீச்சரிடம் போய், படிவம் தப்பு, நான்தான் தப்பாக எழுதினேன் என்றேன். டீச்சர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கே கேட்க வேண்டுமோ அங்கே போய்க் கேட்போம் வா" என்று மட்டும் சொன்னார். கண்காட்சி அலுவலக மேசையில் இருந்தவர் முதலில் முடியாது என்றார். சான்றிதழ் அச்சாகிவிட்டது, சென்னைக்குப் பட்டியல் போகப்போகிறது என்றார். டீச்சர் விடவில்லை. கண்ணாடி போட்ட மேடமும் வந்து, யார் உருவாக்கியது என்று எங்களுக்கு விளையாட்டு மேசையிலேயே தெரிந்துவிட்டது என்றார். கடைசியில், உருவாக்கியவர் என்று கையெழுத்திட்டவரே கடிதம் கொடுத்தால் பெயரை மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முனீஸ்வரி வந்து நின்றாள். டீச்சர் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"புதன்கிழமையே மாத்தியிருக்கலாம்ல?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"தெரிஞ்சுதான இருந்த?"

"ஆமா."

அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். எழுதி முடித்ததும் கடிதத்தை நீட்டினேன். "என் தோழி முனீஸ்வரியின் உழைப்பை மதித்து என்னுடைய வாய்ப்பை மனமுவந்து அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அது நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் விரலை அந்த வரியின் மேல் வைத்தாள்.

"இது வேண்டாம். நீ ஒண்ணும் விட்டுக்குடுக்கல. என்னோடதுதான இது."

வேறு தாள் எடுத்தேன். இந்த முறை நான்கு வரிதான் வந்தது. விளையாட்டையும் அதன் விதிகளையும் உருவாக்கியவர் மு. முனீஸ்வரி. படிவத்தில் என் பெயரை முதலில் எழுதியது தவறு. அந்தத் தவறு தெரிந்த பிறகும் நான் திருத்தவில்லை. உதவியவர், த. சுபாஷிணி.

அவள் இரண்டு முறை படித்தாள். "இப்ப சரி" என்றாள். பிறகு எழுந்து, நடுவில் இருந்த நாற்காலியைத் தாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதல் வரியில் தன் பெயர் இருக்கும் இடத்தை மறுபடியும் பார்த்தாள். அந்தப் பெயருக்குக் கீழே என் பெயர் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. மேடையில் இருந்ததைவிட அதிகமாக. அது ஏன் என்று தெளிவாக எழுத வரவில்லை, ஆனால் உண்மை.

டீச்சர் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை அலுவலக மேசையில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் எல்லாப் பள்ளிக்காரர்களும் போயிருந்தார்கள். கணினிகளை மூடி, மேசை விரிப்புகளை மடித்து வைத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். காவலாளி உள்ளே போய் அரங்கின் விளக்குகளை அணைத்தார்.